எஸ்எஸ்டிக்கு ஹின்ட் கொடுக்கும் இடைமுகம்: சூடா, எண்ணா, கூட்டமா?

மணல்கடிகாரம்

சில மாதங்களாக ஒரு சேமிப்பு எஞ்சின் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே லாக் வடிவம். பழையதை மேலெழுதுவதே கிடையாது. புதுக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போய், தேவை தீர்ந்ததும் பழைய கோப்பை மொத்தமாக அழிப்பது. எந்தக் கோப்பு எப்போது சாகும் என்று என் நிரலுக்கு ஓரளவு தெரியும். அதை எஸ்எஸ்டியிடம், அதாவது ஃபிளாஷ் டிரைவிடம், ஒரு முன்குறிப்பாக (ஹின்ட்) சொல்ல ஒழுங்கான வழி இல்லை என்பதுதான் எரிச்சல்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஃபிளாஷில் எழுதுவது பேஜ் பேஜாக, சில கேபி அளவில். அழிப்பது பிளாக் பிளாக்காக, எம்பி கணக்கில். ஒரு பிளாக்கில் 1000 பேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி, ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும் லாக். மீதி, வருடக்கணக்கில் கிடக்கும் தரவு. அந்தப் பிளாக்கை மீட்க வேண்டுமானால் உயிரோடு இருக்கும் 500 பேஜை டிரைவ் வேறிடத்தில் நகலெடுத்தாக வேண்டும். கிடைக்கும் இடம் 500, அதற்காக எழுதியதும் 500. நான் ஒரு பங்கு எழுதினால் ஃபிளாஷ் இரண்டு பங்கு தேய்கிறது. மீட்கும் நேரத்தில் 80 சதவீதம் உயிரோடிருந்தால் 5 பங்கு, 90 என்றால் 10. இதுதான் எழுத்துப் பெருக்கம். சேர்ந்து சாகப்போகிறவற்றைச் சேர்த்தே வைத்திருந்தால் பிளாக் தானாகக் காலியாகும், நகலெடுக்க எதுவும் மிஞ்சாது.

எங்கள் குழு பராமரிக்கும் கர்னல் கிளையில் இதற்கொரு இடைமுகம் வைக்கலாம் என்று பேச்சு. மூன்று விதமாக யோசித்தேன். தரவின் சூட்டைச் சொல்லலாம்: குறுகிய ஆயுள், நடுத்தரம், நீண்டது. அல்லது வன்பொருளிடம் இருக்கும் ஸ்ட்ரீம் எண்களை (எந்தத் தரவு எந்த ஓட்டத்தைச் சேர்ந்தது என்று குறிப்பவை) அப்படியே பயன்பாட்டிடம் நீட்டிவிடலாம். அல்லது "இதெல்லாம் ஒரு கூட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆயுளைப் பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம். எனக்கு மூன்றாவதில்தான் நாட்டம். அடித்துத் துவையுங்கள்.

பழையவட்டு

துவைப்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு. இந்த வழியில் ஏற்கெனவே சில கல்லறைகள் இருக்கின்றன.

2014-ல் சாம்சங் ஆராய்ச்சியாளர்கள் பல ஸ்ட்ரீம் எஸ்எஸ்டி பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். 2017-ல் என்விஎம்இ 1.3 (கணினி எஸ்எஸ்டியோடு பேசும் தரம்) ஸ்ட்ரீம் டைரக்டிவைச் சேர்த்தது. அதே வருடம் லினக்ஸ் 4.13-ல் எஃப்சிஎன்டிஎல் என்ற கோப்பு அழைப்பு வழியாக ஆயுள் ஹின்ட் வந்தது: ஷார்ட், மீடியம், லாங், எக்ஸ்ட்ரீம். ராக்ஸ்டிபி டேட்டாபேஸ் அதை எடுத்துக்கொண்டது. பிறகு 2022-ல், 5.18 பதிப்பில், என்விஎம்இ ஸ்ட்ரீம் ஆதரவையும் கர்னலின் வட்டு அடுக்கு (பிளாக் அடுக்கு) வழியே ஹின்ட்டைக் கடத்திய குழாயையும் பிடுங்கிப்போட்டார்கள். எஃப்சிஎன்டிஎல் மட்டும் அப்படியே நின்றது. அதாவது, ஹின்ட் கொடுத்தால் "வெற்றி" என்று பதில் வரும். என்விஎம்இ டிரைவுக்கு ஒரு பிட்கூடப் போகாது. 2024-ல் 6.9-ல் ஸ்கஸி வட்டுகளுக்காகவும் ஃபோன்களில் இருக்கும் யுஎஃப்எஸ் சேமிப்புக்காகவும் அதே குழாயை மறுபடி மாட்டினார்கள்.

லைட்என்விஎம் கதை இன்னும் சோகம். ஃபிளாஷ் நிர்வாகத்தைக் கணினியிடமே விடும் ஓபன் சேனல் எஸ்எஸ்டிக்காக 4.4-ல் உள்ளே வந்தது, 2021-ல் 5.15-ல் வெளியே போனது.

நான் சொல்ல வருவது: ஹின்ட் என்ற வகையே சபிக்கப்பட்டது. சி மொழியில் மாறியை வேகமான பதிவகத்தில் வை என்று கேட்கும் ரெஜிஸ்டர் சொல்லைக் கம்பைலர்கள் எத்தனை வருடமாக மதிக்கவில்லை? ஃபேட்வைஸ் அழைப்பில் நோரீயூஸ் (இதை ஒருமுறைதான் தொடுவேன்) என்று ஒரு ஹின்ட் உண்டு. 2006-லிருந்து 2023 வரை லினக்ஸில் அது ஒன்றுமே செய்யவில்லை. மேனுவலைப் படித்து நம்பிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

எட்டுபிட்

புதியவன் கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். டிரைவ் தானே கண்டுபிடித்துக்கொள்ள முடியாதா? அடிக்கடி மாறும் முகவரி எது, மாறாதது எது என்று அதற்குத் தெரியுமே. அப்புறம், இந்த இடத்தில் இருப்பது இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் வேறு இருக்கிறது.

கோப்புப்பித்தன்

நல்ல கேள்விதான். ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப எழுதும் பழைய பாணி டேட்டாபேஸ் என்றால் டிரைவால் ஊகிக்க முடியும். ஆனால் மணல்கடிகாரம் எழுதுவது போன்ற லாக் வடிவ நிரல் ஒவ்வொரு முறையும் புது முகவரியில் எழுதுகிறது. நேற்று அந்த முகவரியில் என்ன இருந்தது என்பதற்கும் இன்று எழுதுவதற்கும் சம்பந்தமே இல்லை. டிரைவ் பார்ப்பது வெறும் எண்களின் ஓட்டம். கோப்பு, டைரக்டரி, ஜர்னல் எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

டிரிம் என்பது சாவுச் செய்தி. ஹின்ட் என்பது ஜாதகம். செத்த பிறகு தகவல் வந்தால், ஏற்கெனவே கலந்து வைத்ததைப் பிரிக்கத்தான் வேண்டும். எங்கே வைப்பது என்ற முடிவு எழுதும் கணத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இனி மணல்கடிகாரத்துக்கு. எண்ணா கூட்டமா என்று சண்டை போடுவதற்கு முன், ஹின்ட் எதன் மேல் ஒட்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு எழுத்தின் மேலுமா, கோப்பின் மேலா, திறந்த கைப்பிடியின் மேலா? இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

சாதாரண ரைட் அழைப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தரவு பேஜ் கேஷ் என்ற கர்னல் நினைவகத்தில் போய் உட்காருகிறது, அழைப்பு திரும்பிவிடுகிறது. சில விநாடி கழித்து ஒரு கர்னல் த்ரெட் அதை வட்டுக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் எழுதியவர் யார், எந்தக் கைப்பிடி வழியே எழுதினார், என்ன சொன்னார் எதுவும் கையில் இருக்காது. மிஞ்சுவது ஐநோட், அதாவது கோப்பின் விவரப் பதிவு, ஒன்றுதான். ஒரே 4 கேபி நினைவகப் பேஜின் முன்பாதியை ஒருவர் ஷார்ட் என்றும் பின்பாதியை இன்னொருவர் லாங் என்றும் எழுதினால் யார் பேச்சைக் கேட்பது? ஒவ்வொரு பேஜுக்கும் ஹின்ட்டைச் சுமக்க வேண்டுமானால் பேஜ் கட்டமைப்பில் இடம் வேண்டும், அங்கே ஒரு பைட் கேட்டாலே அடிக்க வருவார்கள். 4.13-ல் ஐநோட்டுக்கு ஒன்று, திறந்த கோப்புக்கு ஒன்று என இரண்டு வைத்தார்கள். பின்னால் இரண்டாவதை எடுத்தே விட்டார்கள்.

ஆக, பேஜ் கேஷ் வழியாகப் போனால் ஹின்ட் ஐநோட்டில். எழுத்துக்கு எழுத்து வேண்டுமென்றால் பேஜ் கேஷைத் தவிர்த்து நேரே எழுதும் டைரக்ட் ஐஓ மட்டும். இரண்டையும் ஒரே அழைப்பில் திணித்தால் இரண்டும் அரைகுறையாகும்.

சுழலி

பழையவட்டு சொன்ன கல்லறைகள் உண்மை. ஆனால் அங்கே புதைந்ததை வைத்து எஃப்டிபியை (தரவை எதோடு வைப்பது என்று டிரைவுக்குச் சொல்லும் புதிய என்விஎம்இ வசதி) எடைபோட வேண்டாம்.

கூகுளும் மெட்டாவும் தனித்தனியாக யோசித்ததை இணைத்து, 2022 கடைசியில் என்விஎம்இ தரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். சோன் வகைச் சாதனம் போல வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ரைட் கமாண்டில் ஓரமாக ஒரு எண்ணைச் சேர்த்து அனுப்பினால், அந்த எண்ணுக்குரிய ரீக்ளெய்ம் யூனிட்டில் (டிரைவ் ஒன்றாக அழித்து மீட்கும் தொகுதி) தரவு போய் உட்காரும். எண்ணே அனுப்பாவிட்டாலும் டிரைவ் வழக்கம்போல் வேலை செய்யும். பழைய நிரல் எதுவும் உடையாது. இதுதான் அதன் பெரிய பலம். சோன் வழியில் போனால் கோப்பு முறைமையையே மாற்றி எழுத வேண்டும். எஃப்2எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், கடைசியாக 2025-ல் எக்ஸ்எஃப்எஸ் என ஒவ்வொன்றும் அந்த உழைப்பைக் கொட்டித்தான் சோனுக்குள் வந்தன.

லினக்ஸ் 6.16-ல் ஐஓ_யூரிங் என்ற படிப்பு-எழுத்து இடைமுகத்தின் கோரிக்கையிலேயே ரைட் ஸ்ட்ரீம் என்று ஒரு புலம் வந்துவிட்டது. எத்தனை ஸ்ட்ரீம் உண்டு, ஒவ்வொன்றின் அளவு என்ன என்பதை சிஸ்எஃப்எஸ் என்ற கர்னல் தகவல் டைரக்டரியில் பார்க்கலாம். அந்தப் பதிப்பில் அது நேரடி பிளாக் சாதனத்துக்கு (கோப்பு முறைமை இல்லாமல் திறக்கும் வெறும் டிரைவ்) மட்டும், கோப்பு முறைமையின் மேலிருக்கும் கோப்புக்கு இல்லை. மெட்டாவின் கேஷ் நூலகமான கேஷ்லிப் அதற்கும் முன்பே, கட்டளையை நேரே டிரைவுக்கு அனுப்பும் ஐஓ_யூரிங் பாஸ்த்ரூ வழியே சிறு பொருட்களையும் பெரிய பொருட்களையும் வெவ்வேறு எண்ணில் அனுப்பி, எழுத்துப் பெருக்கத்தை ஏறக்குறைய 1-க்குக் கொண்டுவந்தது. சிறு பொருட்கள் 4 கேபி வீதம் அங்கங்கே மேலெழுதப்படும், பெரியவை வரிசையாக லாக் போல் போகும். பிரிக்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

என் கட்சி: எண்ணை அப்படியே கொடுங்கள். நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். பயன்பாட்டுக்குத் தெரிந்ததைவிடக் கர்னலுக்கு எதுவும் அதிகமாகத் தெரியாது.

மணல்கடிகாரம்

கேஷ்லிப் முழு டிரைவையும் தன் கையில் வைத்திருக்கும் நிரல். அங்கே எண் பிரமாதமாக வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஒரே டிரைவில் இரண்டு நிரல் இருந்தால்? இரண்டுமே "எனக்கு 1" என்று எழுதும். ஒன்றின் லாக்கும் மற்றதன் படங்களும் ஒரே யூனிட்டில் விழும். இருவருமே ஹின்ட் கொடுத்ததாக நினைத்து நிம்மதியாக இருப்பார்கள்.

இன்னொன்று. நடுவில் இருக்கும் கோப்பு முறைமைக்கும் சொந்தத் தேவை உண்டு. அதன் ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) சுற்றிச் சுற்றி எழுதப்படுவது. அதைவிட நிச்சயமான குறுகிய ஆயுள் எதுவுமில்லை. முதல் எண்ணை அது எடுத்துக்கொள்ள வேண்டாமா? பயன்பாடு நேரே எண்களைப் பிடித்துக்கொண்டால் கோப்பு முறைமை தெருவில் நிற்கும்.

எண்கள் ஏராளமாக இருந்தால் கவலை இல்லை. தரத்தில் ஒரு நேம்ஸ்பேஸுக்கு (டிரைவின் ஒரு பகுதி) 128 வரை இடம் உண்டு என்றாலும் நிஜ டிரைவில் கைவிரல் கணக்குதான். திறந்திருக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் டிரைவ் உள்ளே பஃபர் ஒதுக்க வேண்டும், மின்சாரம் போனால் அதைக் காப்பாற்ற கெப்பாசிட்டர் திறன் வேண்டும். சும்மா கூட்டிக்கொண்டே போக முடியாது.

பழையவட்டு

அதனால்தான் சூடு பரவாயில்லை என்கிறேன். ஷார்ட், லாங் என்று அர்த்தம் இருக்கிற வார்த்தை. இரண்டு நிரல் ஷார்ட் என்றால் இரண்டும் ஒன்றாகப் போனாலும் குடி முழுகாது. யுஎஃப்எஸ்ஸில் அப்படித்தான் போகிறது. எக்ஸ்எஃப்எஸ் சோன் ஒதுக்கீடும் இந்த ஹின்ட்டைப் பார்த்துத்தான் எதை எதோடு வைப்பது என்று முடிவு செய்கிறது. இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

கோப்புப்பித்தன்

அர்த்தம் இருக்கிற வார்த்தையா? ஷார்ட் என்றால் எத்தனை விநாடி என்று எங்கே எழுதியிருக்கிறது? மேனுவலே தெளிவாகச் சொல்லிவிடுகிறது: இந்த மதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒப்பீடு மட்டுமே, தனி அர்த்தம் கிடையாது. ஒரு நிரலின் ஷார்ட் பத்து விநாடி, இன்னொன்றின் ஷார்ட் பத்து நாள். இரண்டும் ஒரே யூனிட்டில் விழுந்தால் மணல்கடிகாரத்தின் முதல் பதிவில் இருந்த 500க்கு 500 கணக்குதான் மறுபடி.

அதைவிட மோசம், ஒரே ஆயுள் என்பதும் ஒரே நேரத்தில் சாவது என்பதும் ஒன்றல்ல. தினம் ஒரு கோப்பு பிறந்து சரியாக ஒரு வாரம் வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆயுள் ஒரே ஏழு நாள்தான். ஆனால் ஒரு பெரிய யூனிட்டில் அடுத்தடுத்த நாட்களின் கோப்புகள் கலந்திருந்தால் அது ஒரேயடியாகக் காலியாகாது, நாளுக்குக் கொஞ்சமாக உதிரும். யூனிட் பல ஜிபி என்றால் இது நிஜமாகவே நடக்கும். எவ்வளவு நாள் வாழும் என்பது டிரைவுக்கு முக்கியமில்லை. யாரோடு சேர்ந்து சாகும் என்பதுதான் முக்கியம்.

பழையவட்டு

சரி, அந்த ஏழு நாள் உதாரணம் எனக்கு உறைத்தது.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் இருந்த ஒரு குழுவில் எல்லாக் கோப்புகளுக்கும் ஷார்ட் என்று போட்டு வைத்திருந்தார்கள். ஏனென்று கேட்டால், "ஷார்ட் என்றால் வேகமாக எழுதும்" என்று யாரோ சொன்னார்களாம். பல மாதம் அப்படியே ஓடியது, எவருக்கும் சந்தேகம் வரவில்லை. வர வாய்ப்பும் இல்லை. ஹின்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எண்ணிக்கைகூட எங்கள் கைக்கு எட்டவில்லை. இன்று நினைத்தால் ரெஜிஸ்டரும் நோரீயூஸும் செல்லாக்காசாகக் கிடந்தது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் அதேதான். ஹின்ட் என்ற வகை சபிக்கப்பட்டது என்று மேலே எழுதினேன். பதில் வராத ஹின்ட் என்று திருத்திக்கொள்கிறேன்.

சுழலி

பதில் கேட்க எஃப்டிபியில் வழி உண்டு. நாம் எழுதக் கொடுத்த பைட் எவ்வளவு, ஃபிளாஷில் உண்மையில் எழுதப்பட்ட பைட் எவ்வளவு, அழித்தது எவ்வளவு என மூன்று எண்ணிக்கைகளை டிரைவ் பராமரிக்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எழுத்துப் பெருக்கம். நிகழ்வுப் பதிவும் உண்டு. யூனிட் நிரம்பும் முன்பே மூடப்பட்டது, தவறான எண் வந்தது, டிரைவ் தரவை இடம் மாற்றியது போன்றவை அதில் விழும்.

குறை ஒன்று: அந்த மூன்று எண்ணிக்கைகளும் எண்டியூரன்ஸ் குரூப் (தேய்மானத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஃபிளாஷ் தொகுதி) முழுமைக்கும் சேர்த்துத்தான். எந்த எண்ணில் எழுதியதால் எவ்வளவு பெருக்கம் என்று பிரித்துக் கேட்க முடியாது. இரண்டு நிரல் ஓடினால் யார் குற்றவாளி என்று தெரியாது.

மணல்கடிகாரம்

இதுவரை பேசியதை வைத்து வரைவை மாற்றியிருக்கிறேன். இப்போது இப்படி இருக்கிறது.

கூட்டம் என்பது கோப்பு முறைமைக்குள் பிறக்கும் ஒரு பொருள். உருவாக்கினால் ஒரு கைப்பிடி கிடைக்கும். அந்தக் கைப்பிடி வைத்திருப்பவர்தான் அதில் கோப்பைச் சேர்க்க முடியும். இரண்டு நிரல் தற்செயலாக ஒரே எண்ணில் மோதுவது இத்தோடு போச்சு. பேஜ் கேஷ் வழி எழுதினால் கூட்டம் ஐநோட்டில் ஒட்டும். டைரக்ட் ஐஓவில் மட்டும் கோரிக்கைக்குக் கோரிக்கை மாற்றலாம். கூட்டங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். வன்பொருள் எண்கள் எட்டோ பத்தோதான். அவற்றைப் பொருத்துவது கோப்பு முறைமையின் வேலை, தன் ஜர்னலுக்கு ஒன்றை ஒதுக்கிக்கொண்ட பிறகு. எண் போதாவிட்டால் சில கூட்டங்களை ஒன்றாக மடித்துவிடும். மடித்தால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வினவல் உண்டு: "உன் கூட்டம் தனியாக இருக்கிறது", "இன்னும் மூன்றோடு சேர்ந்திருக்கிறது", "இந்தச் சாதனத்தில் பிரிக்கவே வழியில்லை".

ஆயுளைச் சொல்ல ஆசைப்படுபவர்களுக்கு, கூட்டத்தின் மேல் ஒரு ஓரக்குறிப்பாக அதை எழுதலாம். எதை எதோடு மடிப்பது என்று முடிவெடுக்க மட்டும் அது பயன்படும்.

கோப்புப்பித்தன்

வடிவம் பிடித்திருக்கிறது. மூன்று ஓட்டை.

லினக்ஸின் இன்றைய ஹின்ட் வட்டில் எழுதப்படுவதில்லை. மவுன்ட்டைக் கழற்றினால் போய்விடும். உங்கள் கூட்டம்? ரீபூட்டுக்குப் பிறகு அதே கோப்பில் தொடர்ந்து எழுதினால் எங்கே போகும்? ஐநோட்டில் நிரந்தரமாக எழுதினால் வட்டு வடிவமே மாறும், அது பெரிய வாக்குறுதி. உங்கள் எஞ்சினில் ரீபூட்டுக்குப் பின் எப்படியும் புதுக் கோப்புதான் என்றால், நிரந்தரமில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, எஃப்2எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் தாங்களே உள்ளே தரவை நகர்த்தும். லாக் மேல் லாக். நகர்த்தும்போது கூட்டத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போகாவிட்டால், பிரித்து வைத்ததை மறுபடி ஒன்றாகக் குழைத்துவிடும்.

மூன்றாவது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்டிபியில் எண்கள் இரண்டு வகை. ஒரு வகையில் முதலில் எழுதும்போது மட்டும்தான் பிரிவினை. டிரைவ் பின்னால் குப்பை அள்ளும்போது (உயிருள்ளதை நகலெடுத்து இடத்தை மீட்கும்போது) கலந்துவிடலாம். இன்னொரு வகையில் குப்பை அள்ளும்போதும் அதே எண்ணின் தரவோடு மட்டும்தான் சேரும். உங்கள் வினவல் "தனியாக இருக்கிறது" என்று சொல்லும்போது எந்த வகைத் தனிமை என்றும் சொல்ல வேண்டும்.

எட்டுபிட்

நடுவில் நான் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். க்யூஎம்யூ எமுலேட்டரில் எஃப்டிபி கொண்ட என்விஎம்இ சாதனத்தை உருவாக்க முடிகிறது. எண் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் அது நிஜமான குப்பை அள்ளலை நடத்திக் காட்டுவதில்லை, அதனால் எழுத்துப் பெருக்கத்தை அதில் அளக்க முடியாது. அதற்காகச் சொந்தமாக ஒரு குட்டி சிமுலேட்டர் எழுதினேன். இருநூறு வரி பைத்தான்தான்.

கூட்டங்களைச் சரியாகப் பிரித்தால் பெருக்கம் 1 பக்கத்தில் நிற்கிறது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறு. எந்த ஒழுங்கும் இல்லாமல் எட்டுக் கூட்டமாகப் பிரித்துக் கொடுத்தால், ஹின்ட்டே கொடுக்காததைவிட மோசமாகிறது. ஏன் என்று ரொம்ப நேரம் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், அரைகுறையாக நிரம்பி நிற்கும் எட்டு யூனிட்டுகள் உபரி இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சாதனம் சின்னதாகவும் யூனிட் பெரிதாகவும் இருந்தால் இது இன்னும் கடுமை.

சுழலி

அருமை. அப்படியானால் மெதுவாக எழுதும் கூட்டத்துக்குத் தனி எண்ணே கொடுக்கக் கூடாது. நாளுக்குச் சில எம்பி எழுதுகிறவருக்குப் பல ஜிபி யூனிட்டைத் திறந்து வைப்பது வீண். எண்ணை அப்படியே பயன்பாட்டிடம் நீட்டு என்று நான் சொன்னபோது இந்தக் கணக்கைப் போடவில்லை. மொத்த எழுத்து ஓட்டமும் தெரிந்த இடம் கோப்பு முறைமைதான், மடிப்பு முடிவு அங்கேயே இருக்கட்டும். ஆனால் முழு டிரைவையும் ஒரே நிரல் ஆளும் இடத்தில் எண்ணை நேரே தொடும் வழியை அடைத்துவிட வேண்டாம். அதில் பிடிவாதமாக இருப்பேன்.

மணல்கடிகாரம்

அடைக்கவில்லை. பிளாக் சாதனத்தை நேரே திறப்பவர்களுக்கு 6.16 வழி அப்படியே இருக்கும். கூட்டம் கோப்பு முறைமைக்கு மேலே மட்டும்.

சாதனத்தால் பிரிக்கவே முடியாதபோது கூட்டம் உருவாக்கும் அழைப்பு என்ன சொல்ல வேண்டும்? பிழை கொடுத்தால் ஒவ்வொரு நிரலும் இரண்டு பாதை எழுத வேண்டும். வெற்றி என்றால் பழையவட்டின் குழு போல மாதக்கணக்கில் ஏமாறலாம். வெற்றியே திருப்பி, நிலைமையை வினவலில் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

பழையவட்டு

வினவலை யாரும் கூப்பிட மாட்டார்கள். உருவாக்கும் அழைப்பின் விடையிலேயே அந்த நிலைமையையும் நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். படிக்காமல் விடுவது அவரவர் பாடு, தெரியாமல் விட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. பின்னால் மடிப்பு மாறினால் தெரிவிக்க அந்தக் கைப்பிடியை 'போல்' (poll) செய்ய, அதாவது மாற்றம் வருகிறதா என்று காத்துக் கவனிக்க, விடுங்கள்.

எட்டுபிட்

கைப்பிடியை மூடினால் கூட்டத்தில் இருக்கும் கோப்புகளுக்கு டிரிம் போகுமா?

மணல்கடிகாரம்

ஐயோ, கூடாது. கூட்டம் கலைந்தால் தரவு அப்படியே இருக்கும். இனி எழுதுவதற்கு மட்டும்தான் இடம் பொதுவாகிவிடும். கோப்பை அழித்தால் வழக்கம்போல் டிரிம். இதை வரைவின் முதல் பத்தியிலேயே போட்டுவிடுகிறேன், நீங்கள் கேட்டதை இன்னும் பத்துப் பேர் கேட்பார்கள். விடையிலேயே நிலைமை, 'போல்' வசதி இரண்டும் சேர்த்தாயிற்று. அந்த சிமுலேட்டரைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா? மடிக்கும் விதியை முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.